அந்த மூலையில் மாடு நிற்காது

நான் சொல்லப்போவது நடந்த விஷயம். கேட்டு முடித்ததும் "சும்மா கட்டிவிடுறீங்க" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இதை என்னிடம் சொன்னவள் என் நாத்தனார் மகள். கால்நடை டாக்டர். பொய் சொல்ல வராத பிறவி. அதனாலேயே உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றல் வாங்கியவள். பேய் என்ற வார்த்தை அவள் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. "என்னன்னு எனக்குத் தெரியல அத்தை, பார்த்ததைச் சொல்றேன்" என்றாள், அவ்வளவுதான். நானும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. துணைக்கு ஆள் இருப்பது எப்போதும் நல்லது.

நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடி. ஆடு மாடு ஏற்றி வருகிற லாரிகளை நிறுத்திப் பார்ப்பது அவள் வேலை. ஒரு மாட்டுக்கு இவ்வளவு இடம் விட வேண்டும், இவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை இறக்கித் தண்ணீர் காட்ட வேண்டும், சீக்கு மாட்டை ஏற்றக்கூடாது என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு என்ன, அது நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மழையிலும் வெயிலிலும் நிற்கிற ஆளுக்குத்தான் இடுப்பு விட்டுப்போகிறது.

சாவடி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை. கால் ஆடும் மேஜை. கம்பி போட்ட சன்னல். சன்னலுக்கு நேரே, வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டி. மாடுகளை இறக்கி ஓய்வு கொடுக்கிற இடம். நீளமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. லாரியிலிருந்து மாடு நடந்து இறங்க ஒரு சாய்பலகை.

அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது நாளாகத் தொடர் வேலை. மாற்றிவிட வர வேண்டியவர் எங்கோ மழையில் மாட்டிக்கொண்டார். காலுறை ஊறி, விரல் எல்லாம் வெளுத்து, கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிச்சல். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

"வர்றியா, இல்லையா?"

"மாத்திவிடுற ஆள் வரலைங்க."

"பேசாம நீ அந்தச் சாவடியையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

"கட்டியிருக்கலாம். அது இவ்வளவு பேசாது."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

அவளோடு இருந்தவர் தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்குகிறவர். பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் 'ரேடியோ'. விடிந்ததில் இருந்து படுக்கிறவரை வாய் மூடாத மனுஷர். முட்டிவலி, மச்சினன் கல்யாணம், உலக அரசியல், எல்லாம் ஒரே மூச்சில் வரும். கேட்டாலும் பேசுவார், கேட்காவிட்டாலும் பேசுவார்.

மாலை ஆறு இருபது. மின்சாரம் போயிருந்தது. தூறல் விடவில்லை. அப்போதுதான் அந்த லாரி வந்து நின்றது.

அறையை விட்டு இறங்கி முன்னால் போனபோதே அவளுக்கு ஏதோ இடித்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது.

சத்தம் இல்லை.

மாட்டு லாரி நின்றால் உள்ளே ஒரே அமளியாக இருக்கும். குளம்பு மாற்றும், பலகையை இடிக்கும், ஒன்று கத்த மற்றொன்று கத்தும். இந்த லாரி நிறைய மாடு இருந்தது, மூச்சு ஆவி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை. கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் பெரியவர்கள் அடி எடுத்து வைப்பார்களே… அப்படி நின்றன அத்தனையும்.

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார் டிரைவர். மெலிந்த ஆள். நாற்பது இருக்கும். கேபினை விட்டு இறங்கவில்லை.

"பேப்பர் எங்க போகப்போகுது. முதல்ல மாட்டைப் பார்க்கிறேன். கூட யார் வந்திருக்காங்க?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி."

"எங்க?"

"பின்னாடி. தூங்கறான்."

"மாட்டோடயா? எழுப்புங்க."

"ரொம்ப அசதி மேடம். விட்டுருங்க."

அசதி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாளித் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, லாரியின் பக்கப் பலகை இடுக்கு வழியாக உள்ளே நீட்டுவாள். தாகத்தில் இருக்கிற மாடு ஓடிவந்து நக்கும். டிரைவர் பொய் சொல்லலாம், நாக்கு சொல்லாது. அன்றைக்கும் நீட்டினாள். சொரசொரவென்று நாக்கு விழுந்தது. அடுத்த இடுக்கில் இன்னொன்று. ஒன்று விடாமல் எல்லாம் தாகத்தில் இருந்தன. பாவம், நக்கும்போதுகூடச் சத்தமில்லாமல் நக்கின.

கடைசியாகக் கேபினுக்கு நேர் பின்னால், இடது மூலை. கையை நனைத்து நீட்டினாள். எதுவும் வரவில்லை. சும்மா கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வெளியே எடுத்தாள்.

கை காய்ந்திருந்தது.

துணியால் ஒற்றி எடுத்ததுபோல, சொட்டு ஈரம் இல்லை. மழையில் நின்றுகொண்டு இருக்கிறாள், சட்டைக் கை பிழிந்தால் தண்ணீர் கொட்டும். உள்ளங்கை மட்டும் காய்ந்து, லேசாகச் சூடாக இருந்தது.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

மூலை காலியாக இருந்தது.

லாரிக்குள் மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறை. வயிறும் வயிறும் நசுங்கிக்கொண்டு, ஒன்றின் தாடை இன்னொன்றின் முதுகில் கிடந்தது. இந்த மூலையில் மட்டும் வெறும் வைக்கோல். தம்பியும் இல்லை, மாடும் இல்லை.

"அந்தப் பையன் ஒதுங்கப் போயிருப்பான் டாக்டரம்மா" என்றார் ரேடியோ. "மழைக்கு எல்லாருக்கும் அவசரம்தான். எங்க மச்சினன் ஒரு தடவை…"

"டேப்பைப் பிடிங்கண்ணே."

வெளிப்பக்கமாக அளந்தார்கள். காலியிடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மாட்டுக்குரிய இடம் சட்டப்படி சரியாக இருந்தது. ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாயலாம். இந்த வேலையில் இருக்கிறவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள். தரையை அளந்துவிட்டால் இடம் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அந்த இடத்தில் நிற்க மாட்டுக்குச் சம்மதமா என்று எந்த அளவுநாடாவும் சொல்லாது.

"அளவு சரி" என்று டிரைவரிடம் சொல்லியும்விட்டாள்.

திரும்பும்போது டார்ச் வெளிச்சம் ஒரு செவலைப் பசுவின்மேல் பட்டது. காலி மூலையை ஒட்டி நின்றிருந்தது. நின்றது என்று சொல்லக்கூடாது. முன்னங்கால் இரண்டும் மடங்கி, மற்ற மாடுகளுக்கு நடுவே செருகிக் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவள் பார்த்துப் பழகிய மூச்சு அது. இப்படியே இன்னும் கொஞ்ச தூரம் போனால் இது உயிரோடு போய்ச் சேராது.

ஓரடி நகர்ந்தால் போதும். பக்கத்திலேயே படுக்க இடம் இருக்கிறது. ஆனால் அது நகரவில்லை. செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்பதுபோல எதிர்ப்பக்கமே சாய்ந்து சாய்ந்து நெருக்கியது.

"ரேடியோண்ணே, அந்தச் செவலையை இந்தப் பக்கம் தள்ளுங்க. மூலை சும்மாதானே கெடக்கு."

அவர் பலகை மேல் ஏறி, அதட்டினார், கொஞ்சினார், கயிற்றைப் பிடித்து இழுத்தார். பசு உடம்பெல்லாம் நடுங்கியது. நின்றபடியே சிறுநீர் விட்டது.

"வரமாட்டேங்குது. உள்ள ஏதோ இருக்கு டாக்டரம்மா."

"பாம்பா?"

"வைக்கோல்தான் தெரியுது…"

ரேடியோ பேச்சைப் பாதியில் நிறுத்தி அவள் பார்த்ததே இல்லை.

அவள் தானே ஏறினாள். பக்கப் பலகையில் கால் வைத்து, மேலே போய், அந்த மூலைக்குள் இறங்கினாள்.

உள்ளே மழை விழவில்லை.

லாரிக்கு மேலே கூரை கிடையாது, பாருங்கள். ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் தண்ணீர் வழிந்தது. தரையெல்லாம் சாணிச் சேறு. இந்த மூலையில் வைக்கோல் பொன்னிறமாக, மொறுமொறுவென்று கிடந்தது. வியர்வை வாடை வந்தது. மாட்டு வியர்வை இல்லை. மனுஷ வியர்வை.

டார்ச்சைத் தாழ்த்தினாள். வைக்கோல் ஓர் இடத்தில் அமுங்கியிருந்தது. மாடு படுத்த பள்ளம் என்றால் உருண்டையாக இருக்கும். இது நீளமாக இருந்தது. குறுகலாக.

ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு.

காலை மாற்றி வைத்தாள். ஏதோ மெத்தென்று பட்டது. கை மேல் மிதித்ததுபோல… சட்டென்று காலை எடுத்தாள்.

வைக்கோல் ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது… மெதுவாக… இறங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாடுகள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளைக்கூட இல்லை. அவள் கால் வைத்திருந்த இடத்தை.

கேபினின் பின்பக்கம் ஒரு சின்னக் கம்பிச் சன்னல் இருந்தது. அதில் டிரைவரின் முகம். அவர் பார்வையும் அங்கேதான்.

"மிதிச்சிராதீங்க மேடம்."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது, அது மறுநாள்தான் தெரிந்தது. கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கினாள். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியதாம். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் செவலை இழுக்கிற மூச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"எல்லாத்தையும் எறக்கணும்" என்றாள்.

"அளவு சரின்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். எறக்கலைன்னா அந்தப் பசு செத்துப்போயிரும்."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"எறக்கினா… அவன் எந்திரிச்சிருவான்."

அவளுக்கு அந்த நேரத்தில் பயம்கூட இல்லை, அப்படி ஓர் அலுப்பு. இரண்டு நாள் தூங்காதவளுக்குப் பயப்படத் தெம்பு வேண்டாமா? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"எந்திரிக்கட்டும். கூட வர்ற ஆளுக்கும் ஓய்வு உண்டு. எறங்கித் தண்ணி குடிச்சிட்டு இங்கயே படுக்கட்டும்."

டிரைவர் அவளையே பார்த்தார். பிறகு நெற்றியை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டார். வண்டியைப் பட்டியோரம் நகர்த்திக் கொடுத்தவர், கடைசிவரை கீழே இறங்கவில்லை.

ரேடியோ சாய்பலகையைப் போட்டார். பின்கதவைத் திறந்தார்.

இறக்கும்போது மாடு மிரளும். பலகையைப் பார்த்துப் பின்வாங்கும், ஒன்று பாய மற்றொன்று விழும். இவை ஒவ்வொன்றாக, வரிசையாக இறங்கின. பலகை ஒவ்வொரு மாட்டுக்கும் வளைந்து, தடதடவென்று சத்தம் போட்டு, நிமிர்ந்தது.

தடதட… தடதட…

செவலையும் வந்தது. தள்ளாடித் தள்ளாடி, தானாகவே இறங்கியது. அதன் பின்னால் ஒரே ஒரு காளைதான் பாக்கி.

காளை பலகையின் தலைப்பில் வந்து நின்றது.

இறங்கவில்லை.

கழுத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டது. யாருக்கோ வழி விடுவதுபோல.

பலகை வளைந்தது.

டக்.

குளம்புச் சத்தம் இல்லை.

டக்… டக்…

ஒரு சோடிக் கால். செருப்பில்லாத கால். தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல நின்று நின்று…

டக்…

பலகை நிமிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் காளை இறங்கியது.

ரேடியோ அவள் கையைப் பிடித்திருந்தார். அவ்வளவு வயசான மனுஷர்.

மாடுகள் தொட்டியில் வரிசையாக நின்று தண்ணீர் குடித்தன. நடுவில் ஓர் இடம் விட்டிருந்தது.

அந்த இடத்தில் தண்ணீர் அசைந்தது.

உள்ளங்கையால் அள்ளினால் எப்படி அசையுமோ… அப்படி.

மாற்றிவிட வேண்டிய டாக்டர் ஏழு மணி தாண்டி நனைந்துபோய் வந்து சேர்ந்தார். அவள் செவலைக்கு ஊசி போட்டுவிட்டு, "இதை மட்டும் ஏத்தாதீங்க, இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். வேறு எதையும் அவரிடம் சொல்லவில்லை. என்ன என்று சொல்வது? வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்திருந்தார்கள். சாப்பிடாமல் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

செவலை பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் எழுந்து நின்று தவிடு தின்றது. அதில் அவளுக்குப் பரம சந்தோஷம்.

விஷயத்தை ரேடியோதான் மற்ற லாரிக்காரர்களிடம் விசாரித்து வந்தார். அந்த டிரைவருக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருந்திருக்கிறான். அண்ணன் ஓட்டுவார், தம்பி மாட்டோடு வருவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நீண்ட பயணம். இடையில் எங்கும் இறக்கவில்லை, ஓய்வில்லை. வழியில் ஒரு மாடு விழுந்துவிட்டது. தம்பி உள்ளே இறங்கி, தனியாளாக மல்லுக்கட்டி, அதை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறான். அப்புறம் கேபினுக்குப் பின்னால், இடது மூலையில் படுத்தான். அண்ணன் கம்பிச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அசதியில் தூங்குகிறான், பாவம், தூங்கட்டும் என்று வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்.

போய்ச் சேர்ந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்ததாம். நெஞ்சு நின்றுபோயிருக்கிறது. லாரி முட்ட முட்ட மாடு. அத்தனை தூரம், அத்தனை மேடு பள்ளம். ஆனால் அவன் உடம்பில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கி, அவனுக்கு இடம் விட்டிருந்தன.

இதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்ததாம். சரி, அந்த லாரியில் நடந்தது அந்த லாரியோடு போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், சாவடி போன் அடித்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெளியே ரேடியோ யாரிடமோ பழையபடி பேசிக்கொண்டிருந்தார். அவள் எடுத்தாள்.

"மேடம், நான்தான். அன்னிக்குச் செவலைப் பசு விட்டுட்டுப் போனேனே…"

"சொல்லுங்க. பசு நல்லா இருக்கு."

"சந்தோஷம் மேடம்." பின்னால் வண்டிகள் இரையும் சத்தம் கேட்டது. "அன்னிக்கு மறுபடி ஏத்தினப்ப, அந்த மூலையில காளை போய் நின்னுச்சு மேடம்."

"நல்லதுதானே. அந்த லாரியில இனிமே…"

"அந்த லாரி இல்ல மேடம். அவன் உயிர் போன லாரியை அப்பவே ஒடைச்சு வித்தாச்சு. அன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்தது அவன் கண்ணாலகூடப் பார்க்காத வண்டி. இந்த மூணு வருஷத்துல அஞ்சாறு வண்டி மாத்திட்டேன். எந்த வண்டியை எடுத்தாலும் அந்த மூலை காலியாத்தான் இருக்கும். கூடவே வந்துட்டிருந்தான். இப்ப எந்த வண்டியை எடுத்தாலும் அந்த மூலையிலயும் மாடு நிக்குது."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"மேடம்… தம்பி அங்க இருக்கானா?"

அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள்.

காலையில் ஒரு லாரி ஆடு இறக்கியிருந்தார்கள். பட்டி கொள்ளாத ஆடு. தகரக் கூரையின் நிழலுக்கு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, குட்டிகள் பாதி வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

தொட்டியை ஒட்டி, நல்ல நிழலில், நீளமாக ஓர் இடம் விட்டிருந்தது.

ஒரு ஆடுகூட அதில் கால் வைக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"மேடம்?"

"தூங்கறான்" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகையா பெருமூச்சா என்று தெரியாத ஒரு சத்தம்.

"எழுப்பிராதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.